பொன்னம்மாள் கட்டிய மஞ்சள் துணி

பொன்னம்மாள் அக்காவுக்கு வயிற்றெரிச்சல் வந்துவிட்டால் அதை முதலில் கண்டுபிடிப்பவன் நான்தான். அன்றைக்கு அவர் வீட்டுக் காப்பியில் சர்க்கரை இருக்காது. வேண்டுமென்று செய்வதில்லை. மனசு ஓரகத்தி வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டிருக்கும். கை மட்டும் அடுப்படியில் காப்பி போட்டுக்கொண்டிருக்கும். ஒரு வாய் குடித்ததுமே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்குச் சுமதி ஏதோ நல்ல காரியம் செய்துவிட்டாள் என்று.

சுமதி என்பது அந்த ஓரகத்தி. பொன்னம்மாள் அக்காவின் வீட்டுக்காரர் சின்னுசாமி அண்ணனுக்கு ஒரே தம்பி இளங்கோ, அவன் பெண்டாட்டி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரமும் கொஞ்சம் கல்லும்தான். கொல்லிமலைக் குண்டூர் நாட்டில் எங்கள் ஊருக்கென்று பாரவண்டி வைத்திருப்பவன் நான் ஒருத்தன். மிளகோ மரவள்ளியோ எழுபது வளைவு இறங்கிப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போக வேண்டுமென்றால், "கார்த்திய வரச் சொல்லு" என்பார்கள். அதனால் எல்லார் வீட்டுக் காப்பியும் எனக்குத் தெரியும்.

இந்த எரிச்சல் எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் பாகம் பிரித்தால் மூத்தவர் கூறு போட வேண்டும், இளையவர் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். சின்னுசாமி அண்ணன் அப்பன் விட்டுப்போன வயலை இரண்டு கூறாகப் போட்டார். மேல்வயல் ஒன்று: வீட்டுக்குப் பக்கம், ஆனால் கல்லும் கரடுமான சின்னத் துண்டு, மூலையில் சொட்டுச் சொட்டாக ஓர் ஊற்று. கீழ்வயல் இன்னொன்று: மேட்டு வாய்க்கால் போய் முடிகிற கடைமடை, வருடக்கணக்காக வண்டல் படிந்து கறுப்பு மண். எது நல்லது என்பது குழந்தைக்கும் தெரியும். கொழுந்தன் கீழ்வயலைக் கேட்டுவிடக் கூடாதே என்று அக்கா சாமிக்குக் கோழி நேர்ந்துகொண்டார். இளங்கோவோ, புதிதாக வந்த பெண்டாட்டி தூரம் நடக்க வேண்டாமே என்று மேல்வயலை எடுத்துக்கொண்டான். அன்றைக்கு அக்கா வீட்டுக் காப்பி பாயசமாக இருந்தது.

இரண்டாம் வருடம் ஐப்பசியில் பெய்த மழையில் பாறை சரிந்து மேட்டு வாய்க்காலின் நடுவில் உட்கார்ந்தது. அதோடு வாய்க்கால் செத்தது. பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடைக்கே திரும்பிப் போனது. இந்தப் பக்கம் புதர் மண்டி, பன்றி படுக்கிற இடமானது. கீழ்வயலில் நெல் போய் மரவள்ளிக் குச்சி வந்தது. மேல்வயலுக்கு மட்டும் அந்தச் சொட்டு ஊற்று இருந்தது. அது போதும் சுமதிக்கு. சின்னத் துண்டுதான், ஆனால் வருடம் பூராவும் பச்சை.

அந்தப் பச்சை பொன்னம்மாள் அக்கா வீட்டு அடுப்படி ஜன்னலுக்கு நேரே தெரியும். அவர் ஜன்னலில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டார். மலைக்காற்று சும்மா இருக்குமா? சாக்கு விலகும்போதெல்லாம் பச்சை எட்டிப் பார்க்கும். பதினாறு வருடம் அந்தச் சாக்குக்குப் பின்னாலிருந்துதான் அவர் சமைத்தார்.

சுமதி கெட்டவளாக இருந்திருந்தால் அக்காவுக்கு எவ்வளவோ நிம்மதி. திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருக்கலாம். அவள் நல்லவளாக இருந்து தொலைத்தாள். அறுப்பு முடிந்தால் முதல் படி புது அரிசி மூத்தவர் வீட்டுக்கு வரும். அக்கா வாங்கிவைத்துக்கொண்டு, அவள் போனதும் கோழிக்குப் போடுவார். நோம்பித் திருவிழாவுக்கு ஒரு வருடம் ராசிபுரம் போய் மஞ்சள் சீலை ஒன்று எடுத்துவந்து கொடுத்தாள், கரையில் வரிசையாக மயில். நல்ல சீலை. "எனக்கெதுக்குக் கண்ணு இதெல்லாம்" என்று அக்கா வாங்கிப் பெட்டியில் வைத்தார். வைத்ததுதான், வெளியே எடுக்கவே இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் போன வருடம் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம் நடந்தது. மேட்டு வாய்க்காலைத் திரும்ப ஓட வைக்க வேண்டும் என்று பேச்சு. யார் எடுத்தார்கள் அந்தப் பேச்சை? வேறு யார், சுமதிதான்.

"எங்களுக்கு ஊத்து இருக்குதுங்க. கீழ இருக்கறவங்களுக்கு என்னங்க இருக்குது? புதரு வெட்டறது, மண்ணு அள்ளறது நாமளே செய்யலாம். பாறை உழுந்த எடத்துக்கு மட்டும் சிமிட்டி, கம்பி, கொத்தனாரு வேணும். அதுக்கு ஊரே சேந்து எதாச்சும் பண்ணோணுங்க" என்றாள்.

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த பொன்னம்மாள் அக்கா மட்டும் ஆட்டவில்லை. 'கீழ இருக்கறவங்க' என்ற சொல் அவர் காதில் போய் மாட்டிக்கொண்டது. அன்று மாலை எனக்குக் கிடைத்த காப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பணம் கேட்டால் எவனும் தரமாட்டான் என்பது எங்களுக்கே தெரியும். எங்கள் கையில் இருப்பது மிளகு. ஊர்ப் பெரியவர் காளியண்ணன் ஒரு வழி சொன்னார். சாமிக்கு மரத்தை நேர்ந்துவிடுவது எங்கள் ஊர் வழக்கம். மரத்தின் அடியில் மஞ்சள் துணி கட்டிவிட்டால் அந்த மரத்தில் இருப்பதெல்லாம் சாமிக்கு. அவிழ்க்கக் கூடாது. கட்டிய வீட்டுக்காரர் அதிலிருந்து கீழே விழுந்த காயைக்கூட எடுக்கக் கூடாது. பறிப்பது பக்கத்து வீட்டுக்காரர் வேலை. ஏன் பக்கத்து வீடு என்றால், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணுக்கு ஒரு மிளகும் தப்பாது என்பதால்தான். எங்கள் முன்னோர்கள் மனுசனைத் தெரிந்துதான் வழக்கம் வைத்திருக்கிறார்கள்.

"அதே மாதிரி ஊட்டுக்கு ஒரு கொடி வாய்க்காலுக்குக் கட்டுங்க. தை, மாசியில பறிச்சு வித்து வேலையத் தொடங்கலாம்" என்றார் காளியண்ணன்.

சுமதி மறுநாளே பாதை ஓரத்தில் இருந்த தன் நல்ல கொடிக்குத் துணியைக் கட்டினாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிற இடம். வாய்க்காலுக்கென்று கைபேசியில் ஒரு குழு தொடங்கியிருந்தோம். அதில் படம் போட்டேன். ஊர் முழுக்கக் கைகூப்புகிற பொம்மையை அனுப்பியது. நானும்தான் ஒரு கொடி கட்டினேன். என் படத்துக்கு இரண்டு பேர் கைகூப்பினார்கள், அதில் ஒருத்தர் என் மாமனார். அதைப் பற்றி நான் பேசவில்லை.

சின்னுசாமி அண்ணன் கைபேசியில் அந்தப் படத்தை அக்கா பார்த்தார். பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, விடியற்காலையில் யாரும் எழுவதற்கு முன்னால் பலாமரத்தடிக்குப் போனார்.

இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கிற பலாமரத்தைச் சொன்னேன் அல்லவா, அதில் இரண்டு மிளகுக்கொடி ஏறியிருந்தது. நிழல் பக்கம் ஏறியது அக்காவுடையது, நோஞ்சான். வெயில் பக்கம் ஏறியது சுமதியுடையது; மரத்தையே மூடிக்கொண்டு சரம் சரமாகத் தொங்கும். அக்கா மஞ்சள் துணியைத் தன் கொடியில் கட்டவில்லை. மரத்தைச் சுற்றிக் கட்டினார்.

நான் வண்டியைக் கிளப்ப வரும்போது அங்கே நாலைந்து பேர் கூடிவிட்டார்கள்.

"ஏனுங்கக்கா, மரத்துக்குக் கட்டிட்டீங்களே. அதுல சுமதி கொடியும் இருக்குதுல்லோ?" என்றேன்.

"கொடி ஒல்லியா இருக்குது, துணி நிக்கல. மரத்துல கட்டினேன். ஏன், தப்பா?" என்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

விஷயம் காளியண்ணனிடம் போனது. அவர் மோவாயைத் தடவினார். அவிழ்க்க முடியாது, கட்டிய மரத்தில் இருப்பதெல்லாம் போய்த்தான் ஆக வேண்டும். சுமதி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் வீட்டில் அதிகம் காய்க்கிற கொடி அதுதான். ஒரு கணம் அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார்; பார்ப்பதற்காகத்தானே கட்டினார்.

"சாமிக்குன்னு ஆயிருச்சு. போகட்டுங்க" என்றாள் சுமதி.

சின்னுசாமி அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. "பலாப்பழமும்ல போச்சு" என்றார். அந்த மரத்துப் பழம் என்றால் அவருக்கு உயிர். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

அக்கா போட்ட கணக்கு சரிதான், ஒன்றைத் தவிர. அன்று மதியம் குழுவில் ஒரு செய்தி வந்தது: ஊரிலேயே இரண்டு கொடி கொடுத்த முதல் வீடு சுமதி வீடு. கைகூப்புகிற பொம்மைகள் கொட்டின. வேலைக்குக் கீழே ஈரோடு, திருப்பூர் போயிருக்கிற பிள்ளைகள்கூட அங்கிருந்து வாழ்த்தினார்கள். இருசாயி என்று கடைமடையில் நிலம் உள்ள பெண் ஒருத்தி, தண்ணீர்க் குழாயடியில் அக்காவிடமே வந்து சொன்னாள்.

"எல்லாம் சுமதி புண்ணியந்தானுங்கக்கா. உங்க வயலு, எங்க வயலு எல்லாத்துக்கும் அவதான் தண்ணி கொண்டாரப்போறா."

அக்கா குடத்தை நிரம்பாமலே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். நான் அப்போது மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். புருஷனும் பெண்டாட்டியும் பேசியது முழுக்க என் காதில் விழுந்தது.

"அவ புண்ணியத்துல எனக்குத் தண்ணி வர்றதுக்கு, வராமயே இருக்கட்டும்."

"அப்ப வேண்டாம்னு சொல்லிரலாமா?" என்றார் அண்ணன்.

"யாரு வேண்டாம்னா? பதினாறு வருசமா நெல்லைக் கண்ணுல பாக்கல நானு. தண்ணி வேணும்."

"அப்பறம் என்ன?"

"அவ கொண்டாரக் கூடாது."

"அப்ப யாரு கொண்டாறது?" என்றார் அண்ணன்.

அக்கா உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்தார். மயில் கரை போட்ட மஞ்சள் சீலையை எடுத்தார். கிழிக்கிற சத்தம் வெளியே நின்ற எனக்குக் கேட்டது. புதுச் சீலை கிழிகிற சத்தம் வேறு. பழையதுபோல் உடனே கிழியாது, முரண்டு பிடிக்கும்.

அன்று சாயங்காலமே இன்னொரு மரத்துக்குத் துணி கட்டினார். "படம் எடு" என்றார் என்னிடம். எடுத்துப் போட்டேன். இப்போது இரண்டு வீடும் சமம். சமமாக இருப்பதற்கா அவர் சீலையைக் கிழித்தார்? மறுநாள் மூன்றாவது. குழுவில் யாரோ, "பொன்னம்மாக்கா மூணு, சுமதி ரெண்டு" என்று எழுதிவிட்டார்கள். அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. சுமதி வீடு வீடாக ஏறி இறங்கி இன்னும் துணி கட்டாதவர்களைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு வீட்டில் கட்ட வைத்துவிட்டு வந்தால் இவர் தன் தோட்டத்தில் ஒரு மரத்துக்குக் கட்டினார். நானும் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "சுமதி இன்னைக்கு மேலூர்ல கட்ட வெச்சுட்டாளாமா" என்று காப்பி குடித்துக்கொண்டே சொல்வேன். ஊருக்கு நல்லது நடக்கிறதல்லவா.

"இன்னைக்கு நானு அசையாம நின்னேன்னு வையி, என் காலுலயும் ஒண்ணக் கட்டிப்புடுவா" என்றார் சின்னுசாமி அண்ணன். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அந்த வருட மிளகில்தான் தகரக்கூரையை எடுத்துவிட்டு வீட்டுக்குத் தளம் போடுவதாக இருந்தார்கள். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தை பிறந்தபோது அக்கா தோட்டத்தில் துணி இல்லாத மரங்கள் வேலி ஓரத்தில் இரண்டோ மூன்றோதான். காற்றடித்தால் தோட்டம் முழுக்க மயில் ஆடியது.

பறிக்கிற காலம் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்தான் பறிக்க வேண்டும் என்பதால் அக்கா தோட்டத்தில் சுமதி பறிக்க வேண்டும். சுமதியின் பாதையோரக் கொடியை அக்கா பறிக்க வேண்டும். பலாமரத்தை இரண்டு பேரும் தொடக் கூடாது, அதை இருசாயி பறித்தாள். அக்கா தன் பங்கை ஒரே காலையில் முடித்துவிட்டார். இலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த சரத்தைக்கூட விடவில்லை. சுமதி கொடியை அப்படி மொட்டையடித்ததில் அவருக்கு ஒரு திருப்தி.

அடுத்த நாள் சுமதியின் முறை. மூங்கில் ஏணியை ஏற்றிவரச் சொன்னார்கள். நான் விடிந்ததும் கொண்டுபோனேன். தோட்டத்துக்குள் அக்கா ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய கை துணி முடிச்சின் மேல் இருந்தது. தலைக்கு மேல் கொடி பூராவும் பழுக்கத் தொடங்கிய மிளகு, பச்சைக்கு நடுவே சிவப்பு. வருடம் முழுக்க எரு வைத்து, கவாத்துப் பண்ணி, கைப்பிள்ளையாகப் பார்த்த கொடிகள். அதிலிருந்து ஒரு மணிகூட அவர் எடுக்கக் கூடாது. நகம் முடிச்சைக் கிள்ளிக்கொண்டிருந்தது. நான் இருமினேன். அவர் திரும்பவில்லை.

பாதையில் சுமதி வரும் சத்தம் கேட்டது. அக்கா கையை எடுத்துவிட்டு எழுந்து, சேலையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனார். ஜன்னலில் சாக்கு அசைந்தது. அதற்குப் பின்னால்தான் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

சுமதி முதல் மரத்தில் ஏணியைச் சாத்தினாள். ஏறுவதற்கு முன்னால் துணியைத் தொட்டுக் கும்பிட்டாள். கும்பிட்ட கை அங்கேயே நின்றுவிட்டது. கிழிந்த துணியின் ஓரத்தில் ஒரு மயில், பாதி. அடுத்த மரத்தைப் பார்த்தாள், அதற்கடுத்த மரத்தைப் பார்த்தாள். அவள் எடுத்துக்கொடுத்த சீலை தோட்டம் பூராவும் துண்டு துண்டாக நின்றது.

அவள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு ஏறினாள். நாலைந்து நாள் பறித்தாள். ஒவ்வொரு நாளும் அவள் ஏணியிலிருந்து இறங்கும்போது பை கனத்திருக்கும், முகமும் கனத்திருக்கும். சீலைக்காகத்தான் என்று நான் நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார். அந்த நாட்களில் அவர் வீட்டுக் காப்பியில் சர்க்கரை சில சமயம் இருந்தது, சில சமயம் இல்லை. எனக்கே குழப்பமாகிவிட்டது.

மிளகு காய்ந்ததும் சனிக்கிழமை பேளுக்குறிச்சிக்கு ஏற்றினேன். அக்கா தானும் வருவேன் என்று வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். தன் மூட்டைகள் எல்லாவற்றிலும் கரியால் தன் பெயரை எழுத வைத்திருந்தார். ஊர்ச் சார்பில் சுமதியும் வர வேண்டியிருந்ததால் அவள் பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து வந்தாள். எழுபது வளைவிலும் அக்கா பக்கக் கண்ணாடியில் அவளையே பார்த்துக்கொண்டு வந்தார். சந்தையில் வியாபாரி எல்லா மூட்டையையும் அவிழ்த்து ஒரே குவியலாகக் கொட்டினார்.

"ரெண்டையும் ஒண்ணாக் கொட்டிட்டீங்களே" என்றார் அக்கா.

"எல்லாம் கொல்லிமலை மிளகுதானம்மா. கொட்டுனதுக்கப்பறம் எது யாருதுன்னு எப்படிச் சொல்றது" என்றவர், இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சிங்களா?" என்று கேட்டார். இரண்டு பேரும் வேறு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

குவியல் கலந்தாலும் ஊருக்குத் தெரியும் எது யாருடையது என்று. மற்ற வீடுகள் எல்லாம் சேர்ந்து கொடுத்ததற்குக் கிட்டத்தட்டப் பாதி அக்கா தோட்டத்தில் இருந்து வந்திருந்தது. அது இல்லையென்றால் பாறைக்குப் பக்கத்தில் கொத்தனார் மண்வெட்டிகூட வைத்திருக்க மாட்டார். கீழே இருந்து ஆட்கள் வந்தார்கள். பாறையைச் சுற்றிச் சுவர் எழுப்பி, சிமெண்டில் புது வாய்க்கால் கட்டினார்கள். மற்ற இடமெல்லாம் நாங்களே வெட்டினோம். ஆண்கள் புதரை வெட்ட, பெண்கள் மண்ணை அள்ள, நான் கல் ஏற்ற. சுமதி தினமும் வந்தாள். அக்காவும் தினமும் வந்தார்; சுமதி எத்தனை கூடை அள்ளுகிறாள் என்று பார்த்துக்கொண்டே அள்ளினார்.

வைகாசியில் தண்ணீர் விடுகிற நாள் குறித்தார்கள். அதிகம் கொடுத்தவர்தான் முதல் மடையை வெட்டித் திறக்க வேண்டும் என்றார் காளியண்ணன். ஊரே பொன்னம்மாள் அக்காவைப் பார்த்தது. இருசாயி வேகமாக முன்னால் வந்து, "உங்க புண்ணியந்தானுங்கக்கா" என்றாள். அவளுக்கு நாக்கு எப்படிப் புரள்கிறது பாருங்கள்.

அக்கா நல்ல சேலை கட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து வந்திருந்தார். மண்வெட்டியை வாங்கினார். வெட்டுவதற்கு முன்னால் ஒரு முறை கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். யாரைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். சுமதி கடைசியில் நின்றாள். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்; அவளும் சிரித்தாள். அக்கா ஓங்கிய மண்வெட்டியைக் கீழே இறக்கினார். இத்தனை மிளகைக் கொட்டி, வீட்டுக்குத் தளம் போடாமல் விட்டு, இதைப் பார்க்கத்தானா என்று நினைத்திருப்பார். பிறகு ஓங்கி வெட்டினார்.

தண்ணீர் மெதுவாகத்தான் வந்தது. முதலில் மண்ணை நனைத்து, சருகைத் தூக்கிக்கொண்டு, முடங்கி, பிறகு வழி தெரிந்து ஓடியது. மற்றவர்கள் பொங்கல் சாப்பிட மேலேயே நின்றுவிட்டார்கள். அக்கா மட்டும் தண்ணீருக்கு முன்னால் நடந்தார், கடைமடை வரைக்கும். சருகு அடைத்தால் எடுத்துவிட வேண்டுமே என்று நான் மண்வெட்டியோடு பின்னால் போனேன். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் சுமதியும் வந்துகொண்டிருந்தாள்.

வாய்க்கால் மேல்வயலை ஒட்டிப் போனபோது அக்கா அந்தப் பச்சையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கீழ்வயலில் மரவள்ளியைப் பிடுங்கிவிட்டு உழுது போட்டிருந்தார்கள். தண்ணீர் உள்ளே நுழைந்தது. கறுப்பு மண் குடித்தது. பதினாறு வருடத் தாகம், எவ்வளவு வந்தாலும் குடித்தது. அக்கா வரப்பில் உட்கார்ந்தார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன். முகத்தைச் சேலையால் துடைத்துக்கொண்டார்.

சுமதி கொஞ்ச தூரத்தில் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கமாட்டீங்களே?"

"சீலையப் பத்தியா?" என்றார் அக்கா, திரும்பாமலே.

"சீலை போகட்டுங்க." அவள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். "உங்க கொடியப் பறிச்சேனில்லைங்க, அப்ப எனக்கு வயிறு எரிஞ்சுதுங்கக்கா. வாய்க்கால் பேச்ச எடுத்தது நானு. ஊடு ஊடா ஏறி எறங்குனது நானு. செருப்புத் தேஞ்சது எனக்கு. கடைசியில மடை வெட்டுறது நீங்க, பேரு உங்களுக்கு. அப்பிடி நெனைக்கக் கூடாதுன்னு நெனைக்கிறேன், முடியல. ஏணியில நின்னுட்டு ஒவ்வொரு கொத்தா பறிக்கறப்பவும் இந்தக் கொடி காயாமப் போயிருக்கக் கூடாதான்னு நெனச்சேன். மேல சிரிச்சுட்டு நின்னேனே, அது பொய்யுங்க."

நான் மண்வெட்டியைக் கீழே வைக்கவும் இல்லை, அங்கிருந்து நகரவும் இல்லை. அக்கா இப்போது தலையை நிமிர்த்துவார், பதினாறு வருடக் கடனை ஒரே வார்த்தையில் தீர்த்துக்கொள்வார் என்று காத்திருந்தேன். அவர் திரும்பிச் சுமதியின் முகத்தை உற்றுப் பார்த்தார். மேலே கூட்டத்தில் தேடிக் கிடைக்காதது இங்கே கிடைத்துவிட்டது.

"ரொம்ப எரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"ரொம்பங்கக்கா."

"இப்பவும் எரியுதா?"

"எரியுதுங்க."

அக்கா வரப்பில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு கண்ணு" என்றார். சுமதி உட்கார்ந்தாள். அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். காய்ச்சல்காரப் பிள்ளையிடம் பேசுகிற குரல் அவருக்கு எங்கிருந்தோ வந்தது. "மொதல் ரெண்டு வருசந்தான் கஷ்டம். சோறு எறங்காது. காலையில எந்திரிச்சதும் அவங்க ஊட்டுப் பக்கந்தான் கண்ணு போகும். காப்பியில சக்கரை போட மறந்துபோயிரும். கார்த்தியக் கேளு, சொல்லுவான். அப்பறம் பழகிரும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருடம் தெரிந்துகொண்டேதான் அந்தக் காப்பியைக் கொடுத்திருக்கிறார்.

சுமதி மூக்கை உறிஞ்சினாள். தண்ணீர் உழவுச் சால் சாலாக நிரம்பி எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

"உங்களுக்குப் பழகிருச்சுங்களாக்கா?" என்று கேட்டாள்.

அக்கா வயலைப் பார்த்தார், மேலே தெரிந்த பச்சையைப் பார்த்தார், மடியில் இருந்த கையைப் பார்த்தார்.

"இல்ல கண்ணு" என்றார்.